'வலுவூட்டல்' என்னும் சொல்லும் புறக்கோட்டை நாட்டாமைகளும்

அரச அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனங்களின் வெளியீடுகளிலும் இன்று மிகுதியாக வழங்கும் சொற்களுள் 'வலுவூட்டல்' ஒன்றாகும். மகளிர், இளைஞர், சமூகம் என எப்பெயரோடும் அது எளிதில் ஒட்டிக்கொள்கிறது. தமிழகத்தார் இக்கருத்தை 'அதிகாரமளித்தல்' என்பர். இரண்டும் ஆங்கிலவழி வந்த ஆக்கங்கள். எது பொருத்தமான பெயர்ப்பு என்ற வாதம் எழுவதுண்டு. இச்சொற்கள் யாருடைய வாயிலிருந்து பிறக்கின்றன என்ற வினா எழுவது அருமை.

அவ்வினா தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் பிரித்துரைக்கிறார். கேட்கப்படும் பொருள் ஒன்றே. எனினும் கேட்போன் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்பான். ஒத்தவனாயின் 'தா' என்பான். உயர்ந்தவனாயின் 'கொடு' என்பான். இலக்கண வகுப்புகளில் இதனை மரபு பற்றிய விதியாகக் கற்பித்து அமைந்துவிடுகிறோம். சமுதாய ஏற்றத்தாழ்வு வினைச்சொல்லின் தேர்விலேயே பதிந்துகிடப்பதை அவ்விதி காட்டுகிறது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இந்நோக்கிற் பார்த்தால், 'ஊட்டல்' பிறவினை. உண்பவர் ஒருவர், ஊட்டுபவர் மற்றொருவர். குழந்தைக்குச் சோறூட்டுகிறோம், நோயாளிக்குக் கஞ்சியூட்டுகிறோம். ஊட்டப்படுபவரின் கை பயன்படாது என்பது அதன் உட்கிடை. 'அளித்தல்' இன்னும் வெளிப்படையானது. அரசன் அளிப்பான், குடிகள் பெறுவர். இவற்றைத் தன்மையிற் சொல்லிப் பார்க்க. 'நான் வலுவூட்டப்பட்டேன்' என்பதில் இலக்கணப் பிழையில்லை. ஆயினும் சந்தையிலோ அடுக்களையிலோ அவ்வாறு பேசுவார் உளரோ? யாழ்ப்பாணப் பேச்சில் 'வலு' என்பது 'மிக' என்னும் பொருளில் வருவது: வலு கெட்டிக்காரி, வலு விலை.

கொழும்புப் புறக்கோட்டையில் இச்சொல்லின் போதாமை நன்கு புலப்படும். நான்காம் குறுக்குத் தெருவின் மொத்த வியாபாரக் கடைகளில் வெங்காயமும் கருவாடும் மனிதரின் முதுகிலும் கைவண்டியிலும் ஏறி இறங்குகின்றன. இவ்வேலை செய்வோரை இங்கு 'நாட்டாமை' என்பர், சிங்களத்தில் 'நாட்டாமி'. பாக்குநீரிணைக்கு அப்பால் நாட்டாமை என்பவர் ஊர்த்தலைவர். 'நாட்டாண்மை' என்பதன் மரூஉ அது. அங்கே தீர்ப்புரைப்பவரின் பெயர் இங்கே மூட்டை சுமப்பவருக்கு. (1994இல் 'நாட்டாமை' திரைப்படம் வந்தபோது புறக்கோட்டையில் அத்தலைப்பு எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.) ஆட்சியைக் குறித்த பெயர் கிடைத்தும் ஆட்சி கைவரவில்லை. மூட்டைக் கணக்கில் கூலி. வண்டியையும் நாள்வாடகைக்கு எடுப்போர் உளர். நோயுற்ற நாளில் வருமானமில்லை. அந்தர்க் கணக்கிற் சுமப்பவரிடம் வலு இல்லையென்று எவர் கூறுவார்? தம் உழைப்பின் விலையைத் தீர்மானிப்பதில் அவருக்கு இடமில்லை என்பதே பிரச்சினை. 'வலுவூட்டல்' என்ற சொல்லோ, உற்பத்தி உறவிலுள்ள குறையை உழைப்பாளியின் உடலிலும் உள்ளத்திலும் உள்ள குறையாக மாற்றிவிடுகிறது.

இந்நகரத் தொழிலாளர் வேறொரு சொற்றொகுதியையும் அறிந்திருந்தனர். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1923இல் பொது வேலைநிறுத்தமும் 1927இல் துறைமுக வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. சங்கம், கோரிக்கை, உரிமை என்பவற்றோடு இயையும் வினைகள் சேர், கோரு, வெல் என்பன. அவற்றின் எழுவாய் தொழிலாளரே. அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அதே குணசிங்க 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராக இனவாதக் குரல் எழுப்பினார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 'நாம்' என்ற எழுவாயினுள் யார் அடங்குவர் என்பது சங்கங்களும் தீர்த்துவைக்காத வினா.

அரசின் வறுமை நிவாரணத் திட்டங்களின் பெயர்வரிசையும் சுவையானது. 1989இல் 'ஜனசவிய', அதாவது மக்கள் வலிமை. 1995இல் 'சமுர்த்தி', செழிப்பு. 2022 நெருக்கடியின் பின்னர் 2023இல் 'அஸ்வெசும', ஆறுதல். பெயரளவில் இறுதியானதே நேர்மையானது எனத் தோன்றுகிறது.

பெண்ணிலைவாதிகள் சிலர் எம்மை மறுக்கக்கூடும். பார்பரா சாலமன் 1976இல் அமெரிக்கக் கறுப்பின மக்களைக் குறித்து எழுதிய நூலிலும், 1985 நைரோபி மாநாட்டையொட்டி மூன்றாம் உலகப் பெண்கள் எழுதியவற்றிலும் இக்கருத்து ஒடுக்கப்பட்டோர் தாமே திரண்டெழுவதைக் குறித்தது. மறுப்பு நியாயமானதே. எனினும் கடன் வழங்கும் நிறுவனங்களின் கைக்கு வந்தபின் நுண்கடன் பெறும் பெண்ணே வலுவூட்டப்பட்டவள் என்றாயிற்று. அக்கடன்களாற் பாதிக்கப்பட்ட பெண்கள் 2021இல் ஹிங்குராக்கொடையில் தொடர் சத்தியாக்கிரகம் இருந்து, அவற்றை இரத்துச் செய்யுமாறு கோரினர்.

மொழிபெயர்ப்பிலும் மாற்று வழி உண்டு. தமிழக அரசுத் துறையொன்று ஆங்கிலத்தில் மகளிர் அதிகாரமளித்தலைப் பெயராகக் கொண்டிருக்க, தமிழில் 'மகளிர் உரிமைத் துறை' எனப்படுகிறது. 2023 செப்டெம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கும் 'உரிமைத் தொகை' என்றே பெயர். தொகை சிறிது, தேர்தற் கணக்கும் இல்லாமலில்லை. ஆயினும் உரிமை என்று பெயரிடப்பட்டதை நிறுத்தினால் ஏன் என்று கேட்க இடமுண்டு. நமது அரசகரும மொழிபெயர்ப்பாளர் 'வலுவூட்டல்' என்று எழுதுமிடந்தோறும் 'உரிமை' என்று ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். எந்தெந்த வாக்கியங்கள் அதனைத் தாங்கவில்லை என்பதும் அப்போது தெரியவரும்.