பிளஃப்பை ரசிப்பது எப்படி?

சென்னை அயனம்பாக்கத்து அடுக்குமாடிகளில் விடுமுறை மாலை சீட்டுக்கட்டு வெளியே வந்தால், பெரும்பாலும் ரம்மிதான். இல்லாததை இருப்பதாக எதிராளியை நம்பவைக்கும் பிளஃப்பின் வித்து அதிலேயே இருக்கிறது. கையில் இஸ்பேடு 7, 8 வைத்திருப்பவர், ஆட்டின் 9-ஐ இறக்குகிறார். ‘இவருக்கு 9 வேண்டாம்போல’ என்று நம்பி, அவருக்கு முன்னால் ஆடுபவர் அடுத்த முறை இஸ்பேடு 9-ஐப் போடுகிறார். தூண்டில் வேலை செய்துவிட்டது!

போக்கரில் ஆட்டமே இதுதான். ரசிக்கப் பழகுபவர்கள் முதலில் ஆடுபவரின் முகத்தைப் பார்ப்பதை விட வேண்டும். பந்தயங்களைப் பாருங்கள். நல்ல பிளஃப், முதல் சுற்றிலிருந்தே முரணில்லாமல் சொல்லப்படும் கதை.

ஓர் எடுத்துக்காட்டு: 2003 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டம், லாஸ் வேகாஸ். கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரிடம் இஸ்பேடு ராஜாவும் ஆட்டின் 7-ம். எதிரே தேர்ந்த ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா. கையில் இஸ்பேடு ராணி, ஆட்டின் 9. மேசையில் இருவருக்கும் பொதுவாக இஸ்பேடு 9, டைமண்ட் 2, இஸ்பேடு 6. நான்காவதாக இஸ்பேடு 8 விழுந்ததும் மணிமேக்கர் பந்தயத்தை ஏற்றினார். ‘ஐந்து இஸ்பேடு சேர்ந்துவிட்டது’ என்று சொல்லும் ஏற்றம் அது. கடைசிச் சீட்டு ஆட்டின் 3. அவருக்கு ஜோடிகூடச் சேரவில்லை. இருந்தும் கையிருப்பு முழுவதையும் தள்ளினார். 9 ஜோடியோடு முன்னால் இருந்த ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்து விலகினார். பின்னர் பட்டமும் மணிமேக்கருக்கே போனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இஸ்பேடு ராஜா. அது அவரிடமே இருந்ததால், ராஜா வைத்த ஐந்து இஸ்பேடு எதிராளியிடம் இருக்க வழியில்லை. கையில் இருக்கும் பயனற்ற சீட்டும் இப்படிக் கதைக்குத் துணை நிற்கும்.

பந்தயத்தின் அளவும் முக்கியம். நடுவில் குவிந்த தொகைக்குச் சமமாகப் பந்தயம் கட்டினால், இரண்டுக்கு ஒருமுறையாவது எதிராளி விலகினால்தான் பிளஃப் நஷ்டமில்லை. எப்போதும் பிளஃப் செய்பவரை யாரும் நம்பமாட்டார்கள். ஒருபோதும் செய்யாதவர் நல்ல சீட்டு வந்தாலும் காசு பார்க்கமாட்டார். கணித மேதை ஜான் வான் நியூமன் 1944-இல் பொருளியலாளர் மார்கன்ஸ்டர்னோடு எழுதிய நூலில் இதைக் கணிதமாகவே நிறுவினார்.

வீட்டில் ஆடிப் பார்க்கப் பணம் வேண்டாம். புளியங்கொட்டை போதும். ஆளுக்கு ஐம்பது, தீர்ந்தால் மறுபடி கிடையாது. இழக்க ஏதுமில்லாவிட்டால் யாரும் விலகமாட்டார்கள், பிளஃப்பும் பிறக்காது. கை முடிந்ததும் இருவர் சீட்டையும் திறக்கச் சொல்லி, விலகியவரிடம் கேளுங்கள்: எந்தச் சுற்றில் நம்பத் தொடங்கினீர்கள்?