முற்றுப்பெறாத தாள்கள்

ஒரு சிந்தனையாளனை அச்சேறிய நூல்களை மட்டுங் கொண்டு மதிப்பிடல் போதுமா? அவன் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகள் வேறொன்றைக் கூறுமாயின் எதனை ஏற்பது? பொருளியலறிஞரின் தாள்களைப் பேணும் சுவடிக்கூடங்கள் எழுப்பும் வினா இது. கார்ல் மார்க்ஸின் தாள்கள் இதற்குத் தக்க உரைகல்லாகும்.

'மூலதன'த்தின் முதற் பாகத்தை மட்டுமே மார்க்ஸ் 1867இல் தாமே வெளியிட்டார். 1883இல் அவர் மறைந்தபின் இரண்டாம் பாகத்தை 1885இலும், மூன்றாம் பாகத்தை 1894இலும் பதிப்பித்தவர் ஏங்கெல்ஸ். மூன்றாம் பாகத்தின் பிரதான கையெழுத்துப் பிரதி 1864-65 காலத்தது. அதிலிருந்த ஏழு அத்தியாயங்கள் அச்சில் ஏழு பகுதிகளாகவும் 52 அத்தியாயங்களாகவும் விரிந்தன. இலாபவீதத்தின் வீழ்ச்சி பற்றிய ஒரே அத்தியாயம் மூன்றாகப் பிரிந்தது. மார்க்ஸ் இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்த இடங்கள், வாசகனுக்கு முடிந்த முடிபாகத் தோன்றலாயின.

இதற்காக ஏங்கெல்ஸைப் பழித்தல் நன்றி மறந்த செயலாகும். பார்வை குன்றிய முதுமையில், தோழனின் கடினமான கையெழுத்தோடு போராடி அந்நூலை உலகுக்கு அளித்தவர் அவர். தாம் செய்த பதிப்பு வேலையை முன்னுரையில் அவரே விளக்கியும் இருக்கிறார். தவறு, அம்முன்னுரையைக் கடந்து சென்று, நூலை வேதமாக்கிக் கொண்டவர்களுடையது.

அத்தாள்கள் பிழைத்ததும் தற்செயலன்று. ஏங்கெல்ஸின் மறைவுக்குப் பின் ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சியிடம் இருந்த அவை, 1933இல் நாஸிகள் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டைவிட்டு இரகசியமாக வெளியேற்றப்பட்டன. 1938இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் அவற்றை விலைக்கு வாங்கியது; 1940இல் ஒல்லாந்து வீழுமுன்னரே அவை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுத் தப்பின. நூலை எரித்தவர்களிடமிருந்து காக்கப்பட்ட தாள்களை, நூலை வணங்கியவர்கள் வாசியாது விடுவது எவ்வகையில் நியாயம்?

மூன்றாம் பாகத்தின் மூலப்பிரதி 1992இலேயே முழுமையாக அச்சேறியது. ஏறத்தாழ நூறாண்டுகளாக உலகம் விவாதித்தது ஏங்கெல்ஸ் ஒழுங்குபடுத்திய பாடத்தையே. மூலப்பிரதி மார்க்ஸைச் சிறுமைப்படுத்தவில்லை. எழுதி, ஐயுற்று, மீண்டும் எழுதிய உழைப்பாளியாக அவரைக் காட்டுகிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கு கற்கவேண்டியது ஒன்றுண்டு. முடிவை மனனஞ் செய்பவன் பக்தன். முடிவு பிறந்த வழியைத் தேடுபவனே மாணவன். சுவடிக்கூடத்தை நினைவுச் சின்னங்களின் கோயிலாக்காது ஆராய்ச்சிக் களமாக்குவதே மார்க்ஸுக்கு நாம் செய்யும் மரியாதை.