சஹனில் ஓர் இடம்

பூவரசங்குளத்துக் கலியாண வீடொன்றில் சஹனைச் சுற்றி அமர்ந்தபோது ‘கராமு’ நினைவில் வந்தது. 1966இல் மௌலானா கரேங்கா அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக உருவாக்கிய குவான்சா விழாவின் விருந்து அது. டிசம்பர் 31இல் குடும்பங்கள் கூடி, மூதாதையரை நினைந்து, ஒரே கிண்ணத்தில் பருகி உண்பர். ‘கராமு’ சுவாஹிலிச் சொல். ஈகையைக் குறிக்கும் ‘கரம்’ என்ற அரபு வேரிலிருந்து வந்தது.

இன்னோர் அரபுச் சொல்லும் ஆபிரிக்கரோடு பயணித்தது: ‘காஃபிர்’. ஐரோப்பியர் வாய்வழி அது இலங்கையில் ‘காப்பிரி’ ஆயிற்று. புத்தளம் சிராம்பியடியில் மஞ்சாப் பாடல்களைக் காத்துவரும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது.

1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பலருக்குப் புத்தளமே புகலிடம். நமது அகதி இலக்கியத்தில் இந்த அயலவருக்கு எத்தனை பக்கங்கள்? பிலால் (ரலி) அவர்களைக் கவிதைதோறும் அழைக்கிறோம். அயலவருக்குச் சஹனில் இடம்விடாத எழுத்தில் அந்தப் புகழ்ச்சி வெறும் அலங்காரமே.