விஞ்சையர் மந்திரமும் மணிமேகலையின் மாற்றுருவும்

மானிடர் அல்லாதார் தம்மிடமுள்ள அரிய அறிவை மானிடர்க்கு வழங்குதல் உலகக் கதைகள் பலவற்றிற்கும் பொதுவாய செய்தியாகும். மேனாட்டறிஞர் டோல்கின் 1954-55 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையில் எல்ஃப் என்னும் நெடுவாழ்வினர் வருகின்றனர். பிறர் மந்திரம் என வியப்பது அவ்வினத்தார்க்கு இயல்பான கைத்திறனே. ஆதலின் அங்கே மானிடரும் குறுமாந்தரும் பெறுவன ஒளிச்சிமிழும் மேலாடையும் வழியுணவும் போன்ற பொருள்களே; திறன் கொடுத்தோரிடமே தங்கிவிடுகின்றது. நம் விஞ்சையர் அத்தகையர் அல்லர். அவர் தனி இனத்தாரேயாயினும், விஞ்சை என்பது வித்தை என்பதனோடு ஒரு வழிப்பட்ட சொல். அவர் பெயரே கல்வியைச் சுட்டி நிற்கின்றது. கற்றது மறத்தற்கும் உரியது, கைமாறுதற்கும் உரியது. இவ்விரண்டனையும் ஒரே கதையுள் வைத்துக் காட்டியவர் சாத்தனார்.

காயசண்டிகை விஞ்சை மகள். விருச்சிக முனிவன் பன்னீராண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியை அவள் காலாற் சிதைத்தாள். அவன் சாபத்தால் வான்வழிச் செல்லும் மந்திரத்தை மறந்தாள். யானைத்தீ என்னும் பெரும்பசியும் உற்றாள். மற்றொரு பக்கம், மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் கணிகை மரபிற் பிறந்த இளம்பெண்ணுக்கு அவ் வான்வழி மந்திரத்தையும் வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் ஓதுவிக்கின்றது. விஞ்சையள் இழந்ததை மானிடமகள் பெறுகின்றாள்.

மூன்றாவதாகிய பசியறு மந்திரம் கொடுக்கப்படும் முறை நோக்கத்தக்கது. வானில் எழுந்த தெய்வம் மீண்டும் இறங்கி வந்தே, மக்கள் உடம்பு உணவால் ஆயது என்று கூறி அதனை அருளுகின்றது. பசியறியாத தெய்வத்திற்கு மானிடப் பசி புறப்படும்போதுதான் நினைவிற்கு வந்தது போலும்! இதனைப் புலவர் மறதி என்று கொள்வாரும் உளராகலாம். யான் அதனைக் காப்பியத்தின் நுட்பம் என்றே கொள்வேன். மணிமேகலையோ, தான் பெற்ற அம்மந்திரத்தை எவர்க்கும் ஓதினாள் அல்லள். காயசண்டிகையின் பசியைத் தீர்த்தது அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடிச் சோறு. அதற்கு முன்னரே அவ் விஞ்சை மகள் மணிமேகலைக்கு ஓர் அறிவு வழங்கியிருந்தாள். அது மந்திரம் அன்று. முதற் பிச்சையை ஆதிரையிடம் பெறுக என்னும் ஊரறிந்த செய்தியே. புகார்த் தெருக்களில் பசித்துத் திரிந்தவள் அறிந்திருக்கக்கூடியது அதுவன்றோ?

வேற்றுரு மந்திரத்தின் கதை இத்துணை இனியதன்று. உதயகுமரனுக்கு அஞ்சிய மணிமேகலை காயசண்டிகை வடிவு கொள்கின்றாள். உண்மைக் காயசண்டிகையோ பசி நீங்கிப் பறந்து செல்லும்போது விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றில் அடங்கிவிடுகின்றாள். மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் அவ்வுருவை அவளென்றே நம்பி உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மந்திர அறிவுடைய இனத்தான் ஒருவனே, மானிட மகள் கையிலுள்ள மந்திரத்தால் ஏமாறுகின்றான். கந்திற்பாவை உரைத்த பின்னரே அவன் உண்மை அறிகின்றான். மந்திரம் கைமாறியது, அதனால் விளையும் கேட்டைத் தடுக்கும் வழி அதனொடு கைமாறவில்லை.

சீவக சிந்தாமணியை இதனோடு வைத்துக் காண்க. அங்கே முதலில் கொடுத்தவன் மானிடன். இறக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகிப் பின்னர் இன்குரல் தருவதும் நஞ்சு முதலியன தீர்ப்பதும் வேண்டிய உருத் தருவதுமாகிய மூன்று மந்திரங்களைச் சீவகனுக்கு அளிக்கின்றது. செய்ந்நன்றி என்னும் அறம் கொடுக்கல் வாங்கலாகவே அமைந்தது அழகுதான். ஆயினும் பெற்ற மந்திரங்கள் பதுமையின் நஞ்சு தீர்த்து அவளை மணக்கவும், கிழவுருவில் இசைபாடிச் சுரமஞ்சரியை அடையவும் பயன்படுகின்றன. அவற்றிற்காகச் சீவகன் இழப்பது ஒன்றும் இல்லை. தேவரின் கவிநயத்திற்கு ஈடில்லை. ஆனால் இப்பொருளில் சாத்தனாரே ஆழமுடையர்.

வேங்கிக்காலை அடுத்த திருவண்ணாமலை மாணவர்க்கு இது புதிதன்று. கிளியுடலிற் புகுந்து பாரிசாத மலர் கொணரச் சென்ற அருணகிரியார், மீள்வதற்குள் தம் உடல் எரிக்கப்பட்டமையால் கிளியாகவே தங்கினார் என்னும் செவிவழிக் கதையைக் கிளிக்கோபுரம் இன்றும் நினைவூட்டுகின்றது. வரலாற்றுச் சான்றாக அதனைக் கொள்ளுதல் கூடாது. மாற்றுரு விலையின்றிக் கிடைப்பதன்று என்னும் எண்ணம் மக்கள் வழக்கிலும் வேரூன்றியது என்பதற்கு அது சான்றாகும்.

இனி, தெய்வம் அம்மந்திரத்தை எதற்காகத் தந்தது? இளம்பெண் என்று இகழ்ந்து சமயவாதிகள் தம் கொள்கையை உரையார் என்பதே தெய்வம் சொன்ன காரணம். ஆகவே மந்திர அறிவு இங்கே முடிந்த பயன் அன்று. மக்களிடம் கல்வி பெறுதற்கு ஒரு கருவி. உதயகுமரன் இறந்த அம்பலத்தில் தவறிய அக்கருவி, சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில் உரிய தொழிலைச் செய்கின்றது. வஞ்சி நகரில் தவ வடிவினளாய் அவள் எல்லார் உரையும் கேட்கின்றாள். பின்னர்க் காஞ்சியில் அரவண அடிகளைக் கண்டபோது, அங்குக் கேட்ட சமயங்களைத் தான் கொண்ட மாற்றுருவைப் போலவே உள்ளத்தில் வைத்திலேன் என்கின்றாள். அடிகள் அவட்கு அளவைநெறி உரைக்கத் தொடங்குவது அதன் பின்னரே.