சும்மா கிடக்கும் நிலம்

திருநெல்வேலி எழுத்து என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஆறுதான். படித்துறை, கல்மண்டபம், மருதமரம், ஈரத்துணியோடு தெருவில் நடந்துபோகிறவர்கள். வண்ணநிலவன் ஒரு நாவலுக்குப் பெயரே ‘கம்பா நதி’ என்று வைத்தார். வண்ணதாசனையும் கலாப்ரியாவையும் படித்த ஒருவர், ஊருக்கு வராமலே தாமிரபரணியில் ஒரு தடவை முங்கி எழுந்திருப்பார். இது சின்னச் சாதனை இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். ஆற்றங்கரை வயலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பைக்கில் போனால் சரள்மண், உடைமரம், பொத்தை என்று வேறொரு நிலம் ஆரம்பிக்கும். அங்க என்ன இருக்குன்னு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். “ஒண்ணுமில்ல, சும்மா கிடக்கு” என்பார்கள்.

இந்தப் பதிலை அரசாங்கம் வரைபடமாகவே அச்சிட்டிருக்கிறது. மத்திய நிலவளத் துறை, தேசியத் தொலையுணர்வு மையத்தோடு சேர்ந்து வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பின் 2019 பதிப்பைப் பாருங்கள். அடர்புதர் நிலமும் தரிசு, திறந்த புதர் நிலமும் தரிசு, தண்ணீர் தேங்கும் சதுப்பு நிலமும் தரிசு. ஒன்று காய்ந்தது, ஒன்று ஊறியது. இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைப்பது எப்படி? நெல் விளையவில்லை, பயிர்க்கணக்கில் வரவில்லை என்பதுதான் இரண்டுக்கும் பொது. ‘தரிசு’, ‘புறம்போக்கு’ எல்லாம் வருவாய்த்துறைக் கணக்கிலிருந்து வந்த சொற்கள். ‘புறம்போக்கு’ வசவாகவும் ஆகிவிட்டது. அந்த வசவைத் திருப்பிப் போட 2017இல் டி.எம். கிருஷ்ணாவும் கபேர் வாசுகியும் எண்ணூர்க் கழிமுகத்துக்காக ஒரு பாட்டே போட வேண்டியிருந்தது.

இலக்கியம் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதா என்று கேட்டால், நான் பூமணியின் ‘வெக்கை’யை (1982) எடுத்து நீட்டுவேன். அதைச் சாதிய வன்முறையின் நாவலாகவும் பழிவாங்கலின் நாவலாகவும் நிறையப் பேசியாயிற்று. இரண்டும் சரிதான். நிலத்தை மட்டும் ‘பின்புலம்’ என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறோம். கதையை யோசித்துப் பாருங்கள். சிதம்பரம் கொலை செய்துவிட்டு ஓடுகிறான். அப்புறம் அவனும் அய்யாவும் சில நாட்கள் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். ஓடையில் தண்ணீர் எங்கே ஊறும், எந்தப் புதருக்குள் படுத்தால் ஆள் தெரியாது, எதைப் பறித்துத் தின்னலாம், எங்கே அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுக்காது. இந்த அறிவுதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. காடு அங்கே ஒரு கதாபாத்திரத்தின் வேலையைச் செய்கிறது. ஊரும் போலீசும் துரத்தும்போது ஏழைக்கு மிச்சமிருக்கும் ஒரே வீடு அந்தச் ‘சும்மா கிடக்கும்’ நிலம். பகை மூண்டதும் ஒரு துண்டு நிலத்துக்காகத்தான் என்பதைச் சேர்த்து வாசித்தால், பட்டா நிலம் ஆளைக் கொல்கிறது, பட்டா இல்லாத நிலம் ஆளைக் காக்கிறது. ‘அசுரன்’ (2019) படத்தில் நான் இழந்தது இதைத்தான். முன்கதை பெருத்து, காடு சுருங்கிவிட்டது.

கி. ராஜநாராயணனிடம் இரண்டு முகமும் இருக்கிறது. ‘கோபல்ல கிராம’த்தில் வந்து குடியேறுகிறவர்கள் காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்துகிறார்கள். அங்கே காடு அழிவது ஊர் பிறப்பதன் கதை. ‘கிடை’யிலோ ஆட்டு மந்தையும் அதன் சட்டதிட்டங்களும்தான் உலகம். பகலெல்லாம் காட்டிலும் மேட்டிலும் மேயும் ஆடுகளை ராத்திரி வயலில் கிடை போட்டால், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதாவது புதர்க்காட்டின் சத்து ஆட்டின் வயிறு வழியாக வயலுக்கு நடந்து வருகிறது. மழைத்தண்ணீரும் அந்த மேட்டிலிருந்துதான் ஓடைபிடித்து மானாவாரிக் குளத்துக்கு இறங்குகிறது. மேட்டை அழித்துவிட்டுக் குளத்தை மட்டும் காப்பாற்றுவேன் என்பது நடக்காத காரியம்.

குளத்துக்கு இப்போது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. அதற்கெல்லாம் முன்பே மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுவதை அந்த ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொண்டவர்கள். பட்டாசு வெடிப்பதில்லை, பறவை எச்சம் விழுந்த குளத்து மண்ணை வயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். 2011 முதல் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தின் முயற்சியில் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். இன்னொரு பக்கம் நகரத்தின் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நெல்லை ஜங்ஷனே தண்ணீரில் நின்றபோது குளங்களின் பெயர் எல்லார் வாயிலும் வந்தது.

மேட்டு நிலத்துக்கு அப்படி வெள்ளம் வந்து வாதாடாது. ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் அந்த 114 ஏக்கர் பரம்பு வெறும் சரளும் முள்ளுமாகத்தான் கிடந்தது. அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையே அங்கே தோண்டி எடுத்தவை உலகத்துக்கே தெரியும். உழாமல் விட்டதால்தான் தாழிகள் தப்பின. கங்கைகொண்டானில் சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே புள்ளிமான்கள் வாழும் சுமார் 288 ஹெக்டேர் புதர்க்காடு 2013இல்தான் சரணாலயம் ஆனது. மான் இருந்ததால் அது பிழைத்தது. வெறும் கௌதாரியும் உடும்பும் கீரியும் உள்ள காட்டுக்கு யார் பேசுவது?

வறண்ட மாவட்டத்துக்கு ஃபேக்டரியும் சோலாரும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். பச்சையாய் இருப்பதெல்லாம் காக்க வேண்டியதும் இல்லை, சீமைக்கருவேலமும் பச்சைதான். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்ற பேச்சு நடக்கவேண்டுமென்றால், அங்கே ஏதோ இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ‘தரிசு’ என்று எழுதியதுமே அந்தப் பேச்சு முடிந்துபோகிறது. ஆடு மேய்க்கிறவரைக் கேட்காமலே கையெழுத்து விழுந்துவிடும்.

சங்கக் கவிகள் பாலைக்கும் மரமும் பறவையும் பண்ணும் தெய்வமும் கொடுத்திருந்தார்கள். அது ஒன்றுமில்லாத இடம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நமக்கும் பொத்தை, பரம்பு, தேரி, ஓடை என்று சொற்கள் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. நெல்லையைப் பற்றி அடுத்து எழுதப்போகிறவர் படித்துறையில் உட்கார்ந்ததுபோக ஒரு மத்தியானமாவது அந்த மேட்டில் நடந்துவிட்டு வந்து எழுதட்டும். ‘வெக்கை’யை ஏற்கெனவே படித்தவர்கள், இந்தத் தடவை ஆட்களை விட்டுவிட்டு அவர்கள் படுத்திருந்த புதர்களை மட்டும் கவனித்துப் படித்துப் பாருங்கள்.