கார்னகியின் தன்சரிதம்: உழைப்பும் ஊழும்

முயற்சி ஒன்றே செல்வத்துக்கு வாயில் என்பார் எடுத்துக்காட்டும் நூல்களுள், அன்ட்ரூ கார்னகி எழுதி, அவர் மறைவின்பின் 1920 இல் வெளிவந்த தன்சரிதம் தலையாயது. ஸ்கொத்லாந்து நெசவாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, 1848 இல் அமெரிக்கா புகுந்து, கிழமைக்கு 1.20 டொலர் கூலிக்குப் பஞ்சாலையில் உழைத்தவர் அவர். 1901 இல் அவருடைய உருக்குக் கம்பனி 48 கோடி டொலருக்கு விலைபோயிற்று.

ஆயின், நூலை ஊன்றிக் கற்பார்க்கு வேறொன்றும் புலனாகும். தந்தி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது, உறவினர் ஒருவர் அந்நிலைய அதிபரோடு காயாடும் பழக்கமுடையவராய் இருந்தமையால். நூலறிவு வாய்த்தது, அண்டர்சன் என்னும் பெருந்தகை தம் நூல்களைத் தொழிற்சிறுவர்க்கு வழங்கியமையால். பங்கு வாணிகத்திற் புகுந்தது, புகையிரதப் பகுதி மேலதிகாரி ஸ்கொற் வழிகாட்டியமையால். இவற்றைக் கார்னகி மறைத்தாரல்லர், நன்றியுடன் கூறுகின்றார். மறப்பவர் அவரைச் சான்று காட்டுவோரே.

இனி, உழைப்பிலும் ஊழிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. அந்நாட்டின் 1790 ஆம் ஆண்டுச் சட்டம், குடியேறியோருள் வெள்ளையர்க்கு மட்டுமே குடியுரிமை பெறும் வழியை வகுத்தது. மேற்கே மலைகுடைந்து இருப்புப்பாதை இட்டோர் சீனத் தொழிலாளர். அவர் இனத்துத் தொழிலாளர் உட்புகாவாறு 1882 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அவர்தம் உழைப்பு எவ்வகையிற் குறைந்தது?

வள்ளுவர் ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். சட்டத்தால் வந்த ஏற்றத்தாழ்வை அவ்விரண்டனுள் எதன்மேலும் ஏற்றுதல் பொருந்தாது. அது மாந்தர் செய்தது, மாந்தரால் மாற்றற்பாலது. சீனர்மீதான அத்தடை 1943 இல் நீக்கப்பட்டமையே அதற்குச் சான்று.