மாதோட்டம்: ஒரு பெயராய்வு

கூட்டுச்சொல்லின் பொருளை இடம் நோக்கித் துணிக என்பர். இடம் ஒன்றே அமையுமோ? மன்னார்க் கரையில் திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டத்தின் பெயரை நோக்குவாம்.

மாமரத் தோட்டம் என்பார்க்குத் திருஞானசம்பந்தர் பதிகம் துணையாகும். மாவும் கமுகும் வாழையும் செறிந்த நகர் அதில் தோன்றுகின்றது. சுந்தரரோ அந்நகர்க் கடலில் மரக்கலங்கள் மலிந்தமை காட்டுகின்றார். ஒருவர் சோலையைச் சுட்ட, மற்றவர் துறையைச் சுட்டுகின்றார். இவ்வாறு இடம் இருபாற்பட்டவழிச் சொல்லின் வடிவை வினவுதல் வேண்டும்.

மரப்பெயராகிய மாவின் முன் வல்லினம் வரின் மெல்லெழுத்து மிகும். மாங்காய், மாந்தளிர், மாந்தோப்பு என்பன காண்க. ஆகவே மரத்தோட்டமாயின் 'மாந்தோட்டம்' எனல் வேண்டும். பெருமை குறிக்கும் மா என்னும் உரிச்சொல்லோ, மாகடல் என்றாற்போல இயல்பாய் நிற்கும். மாதோட்டம் என்பதும் அத்தகையதே.

இனித் தோட்டம் யாது? மகாவமிசம் இவ்வூரை 'மகாதித்த' என்கின்றது. பாலிமொழியில் அது பெருந்துறை. சிங்களத்தில் 'மாதொட்ட', 'தொட்ட' என்பது துறை. தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டையிலும் அச்சொல்லே தமிழ் வடிவு கொண்டது. எனவே பெருந்துறை என்பதே பொருந்தும் பொருள்.

சம்பந்தர் கண்ட சோலை பொய்யன்று. அஃது ஊரின் வளம், பெயரின் பொருளன்று. இடமும் வடிவும் வரலாறும் ஒருங்கு இசைந்தாலன்றிப் பொருள் துணிதல் தகாது.